தம்பிக்குத் தூக்கம் கொடுத்தவள்

இன்று காலை மொட்டை மாடியில் புத்தகங்களைக் காயப் போட்டேன். புயல் அடித்து வாரக்கணக்கில் ஆகிறது. செம்மண்டலத்தில் சில தெருக்களுக்குக் கரண்ட் வந்துவிட்டதாம், எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. ஜன்னல் கண்ணாடி உடைந்து அலமாரிக்குள் மழை அடித்திருந்ததை இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. குடிதண்ணீருக்கும் மெழுகுவத்திக்கும் அலைவதற்கே பொழுது சரியாக இருந்தது. காகிதமெல்லாம் ஊறி, புளித்த மாவு மாதிரி ஒரு வாடை. நடுவில் உன் புத்தகம், அட்டை இல்லாதது. அதை வெயிலில் பிரித்து வைத்துவிட்டுக் கீழே போனேன். போன வேகத்தில் திரும்பி மேலே வந்தேன். காலையிலிருந்து இதே வேலையாக இருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முந்தாநாள் உன் தம்பி வந்திருந்தான். அவன் சொல்லிவிட்டுப் போன விஷயம் என்னை ஓர் இடத்தில் உட்காரவிடவில்லை. நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இருந்தாலும் இதைக் கேட்க உரிமை உள்ளவள் நீ ஒருத்திதான். எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் எனக்கே விளங்காது. பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி, சாயங்காலம் அதே வழியில் திரும்பிய இரண்டு பெண்கள் நாம். உனக்குத் தெற்கு வீதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எனக்குக் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் தட்டச்சு. நாளெல்லாம் மனுவும் பிரமாணப் பத்திரமும் அடித்து அடித்து, சாட்சியும் கையெழுத்தும் இல்லாத எதையும் நம்பாத ஆளாகிவிட்டிருந்தேன். படித்தாலும் சேற்றிலும் வெயிலிலும் கிடந்து உழலும் மனிதர்களின் நாவல்களைத்தான் படிப்பேன். நீயோ கைப்பைக்குள் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தாய். சிதம்பரத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகவிருந்ததை எடுத்து வந்ததாகச் சொன்னாய். முதல் பக்கங்கள் கிழிந்து போயிருந்ததால் எழுதியவர் யார், தமிழில் கொண்டுவந்தவர் யார் என்று ஒன்றும் தெரியவில்லை. வெளிதேசத்துக் கதைகள் என்பது மட்டும் தெரிந்தது. பனி பெய்தது, சூனியக்காரி இருந்தாள், பொருள்கள் பேசின.

"ஏழு கழுத வயசாவுது, இன்னும் சூனியக்காரி கதையா?" என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. நீ எதற்குத்தான் கோபப்பட்டாய்? அதுதான் என் கோபமே.

சுனாமி வந்த பிறகு இரண்டு மாதம் போல நம் பஸ்ஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பேப்பரைப் பிரிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. நடந்ததை மட்டும் நம்புகிறவள் என்று பெருமை பேசிய எனக்கு, நடந்ததைப் படிக்கத் தெம்பில்லை. கையிலிருந்த நாவலிலும் ஒரு பக்கம் ஓடவில்லை. அந்த நாள்களில் ஒரு காலை, ஆலப்பாக்கம் தாண்டியதும், "ஒரு கதை சொல்லட்டுமா?" என்று கேட்டாய். ஒரு நிபந்தனையும் போட்டாய். நான் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவாய்.

உம் கொட்டுவது எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம்தான். கேட்கிற பிள்ளை தூங்கிவிட்டதா என்று சொல்கிறவர்களுக்குத் தெரிவதற்காக வந்தது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒருத்தி, கூட்ட பஸ்ஸில், இன்னொருத்திக்கு உம் கொட்டுவதைப் பார்த்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நீயும் மூடிக்கொண்டாய். புதுச்சத்திரம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். எனக்குக் கதை கேட்கிற அரிப்பு தாங்கவில்லை. கடைசியில் உம் என்றேன்.

அன்றைக்கு நீ சொன்னது ஒரு பாலத்தின் கதை. ஓர் ஆற்றின் மேல் நிற்கிற பாலம். அந்த ஆற்றின் மேல் அதற்கு ஆசை. தொட வேண்டும். தொட வேண்டுமானால் விழ வேண்டும். நூறு வருஷம் மற்றவர்களைச் சுமந்துகொண்டு நின்றுவிட்டு, ஒரு வெள்ளத்தில் விழுகிறது. ஆறு அதன் கற்களை உருட்டிக்கொண்டு போகிறது, ஒரு கல்லைக்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. நீ முடித்தபோது டிக்கெட் போட வந்த கண்டக்டர் நம் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். நமக்கு முன்சீட்டில் யாரோ இருமினார்கள். "பாலம் வுழுந்துட்டா பஸ்ஸு எப்பிடிம்மா போவும்?" என்று அவர் கேட்டார். பஸ் அப்போது முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பஸ்ஸில் நான் பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. அதற்குப் பிறகு அவர் நம் சீட்டுக்கு டிக்கெட் போட வரும்போதெல்லாம் மெதுவாகத்தான் வருவார்.

ஏன் இந்தக் கதைகள் உள்ளே இறங்குகின்றன என்று நான் அன்றிலிருந்து உன்னோடு சண்டை போட்டேன். அதில் வரும் எதுவும் நடக்காது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறோம். நாவலில் ஒருவன் செத்தால், அவன் ஏன் செத்தான், யார் காரணம், என்ன செய்திருக்கலாம் என்று நான் கணக்குப் போடுவேன். பாலம் விழுந்தால் கணக்குப் போட முடியவில்லை. நேராக வந்து மார்பில் உட்கார்ந்துகொள்கிறது. நீ என்ன சொன்னாய் தெரியுமா? "புள்ளைங்களுக்கு இது கதைடி. நமக்கு ரிப்போர்ட்டு." ரத்தம் எடுத்துப் பார்க்கிறவள் பேச்சு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உன் வேலையிலும் உனக்கு ஒரு முறை இருந்தது. உன்னைப் பார்க்க வந்து உங்கள் நிலையத்து நீல பெஞ்சில் நான் காத்திருக்கும் நேரங்களில் கவனித்திருக்கிறேன். மற்றவர்கள் ஊசி குத்தும்போது, வலிக்காது வலிக்காது என்பார்கள். நீ மட்டும், "வலிக்கும். கொஞ்ச நேரந்தான்" என்பாய். குழந்தைகள்கூட உன்னிடம் கையை நீட்டின. பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவார்கள். அதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

பிறகு உன் தம்பிக்கு வந்தது. நெல்லிக்குப்பத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்தான். முகமும் காலும் வீங்க ஆரம்பித்தன. அவன் ரத்தத்தை நீயே எடுத்து, நீயே பார்த்து, முடிவை யாரிடமும் சொல்லாமல் ஒரு முழு பஸ் பயணம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அப்பா கிடையாது. அம்மாவுக்குச் சர்க்கரை ஜாஸ்தி, அவர்களுடையதை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது நீ.

நீ கொடுத்ததில் எனக்குச் சண்டை இல்லை. கூடப் பிறந்தவன். நான் உன் இடத்தில் இருந்தாலும் கொடுத்திருப்பேன், அழுதுகொண்டு, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு கொடுத்திருப்பேன். சண்டை அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

உனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு சிறுநீரகம் இல்லாத பெண்ணை எவன் கட்டுவான் என்று உன் அம்மாவுக்குப் பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பார்த்த உலகம் அப்படி. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் எனக்கு இன்றைக்கும் தொண்டையில் இறங்கவில்லை. கொடுத்தது பெற்ற தாயான நான்தான் என்று உன் அம்மா ஊரில் சொல்லிவிட்டார்கள். உனக்கு மஞ்சள் காமாலை என்றும், வெளியூரில் சித்தி வீட்டில் பத்தியமாக இருக்கிறாய் என்றும் உன் வேலை இடத்துக்குச் செய்தி போனது. நீயும் சரி என்றாய்.

ஆபரேஷன் முடிந்து நீ சென்னையிலிருந்து திரும்பியதும் செம்மண்டலத்தில் உன் வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கூடத்துக் கட்டிலில் உன் அம்மா போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். சுற்றிலும் சாத்துக்குடி, ஆப்பிள், ஹார்லிக்ஸ். சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெத்த வயிறு பெத்த வயிறுதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் டீ போட்டுத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு சமையற்கட்டிலிருந்து நீ வந்தாய். ஒரு கை தட்டைப் பிடித்திருந்தது. இன்னொரு கை இடுப்புக்கு மேலே புடவைக்குள் அழுத்திக்கொண்டிருந்தது. தையல் பிரித்துக்கூட நாளாகவில்லை. உன் நெற்றி வேர்த்திருந்ததை அங்கே ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் எழுந்து வந்து தட்டைப் பிடுங்கினேன். சமையற்கட்டுக்குள் உன்னை இழுத்துக்கொண்டு போய், இப்போதே வெளியே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

நீ என் கையைப் பிடித்தாய். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. எனக்காவ."

பண்ணினேன். உன் கை அப்போது அவ்வளவு சூடாக இருந்தது.

மறுபடி நீ பஸ்ஸில் வரத் தொடங்கிய வாரம், அந்தப் புத்தகத்தின் கடைசிக் கதையைச் சொன்னாய். அதுவரை அதை ஏன் சொல்லாமல் வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

பனி பெய்கிற ஓர் ஊர். அங்கே கோயில் மணி அடிப்பவருக்கு இரண்டு பிள்ளைகள், அக்காவும் தம்பியும். தம்பி விளையாட்டாகக் குளிர்காலக் கிழவியின் ஜன்னலில் கல்லெறிந்துவிடுகிறான். அவள் அவனுடைய தூக்கத்தை எடுத்துவிடுகிறாள். தூங்காமல் தூங்காமல் அவன் உருகிப் போகிறான், வசந்தம் வரைக்கும் தாங்க மாட்டான். அக்கா கிழவியிடம் போய்க் கேட்கிறாள். எடுத்ததை நான் காற்றில் விட்டுவிட்டேன், தூக்கத்தைப் புதிதாகச் செய்ய எனக்குத் தெரியாது, ஒருத்தரிடமிருந்து எடுத்து இன்னொருத்தருக்குத் தரத்தான் தெரியும் என்கிறாள் கிழவி. அக்கா தன்னுடையதைக் கொடுக்கிறாள். தம்பி தூங்குகிறான், தேறுகிறான், தொழில் கற்று வீடு கட்டிக் கல்யாணம் செய்கிறான். அக்கா தெருத் தெருவாக விழித்துக்கொண்டு நடக்கிறாள். அவள் ஊருக்காகப் பிரார்த்தனை செய்கிற புனிதவதி என்று ஜனங்கள் கும்பிடுகிறார்கள். ஒரு நாள் காலை தம்பி அவளைத் தெருவில் பார்த்து, உன் கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்கிறான். காற்றில் தூசி என்கிறாள். அவன் வீட்டுக்குள் போகிறான். கதை முடிந்துவிட்டது.

நான் உம் கொட்டுவதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு மட்டும் நீ நிறுத்தாமல் சொல்லி முடித்தாய்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. உன்னைக் கெடுத்ததே இந்தப் புத்தகம்தான், எரித்துப் போடு என்று கத்தினேன். கொடு, கொடு, கொடுத்துவிட்டுச் சும்மா இரு என்று நம் வீடுகளில் சொல்கிறதைத்தானே இதுவும் சொல்கிறது, இதற்கு வெளிதேசத்திலிருந்து வேறு ஒருத்தன் எழுதி அனுப்ப வேண்டுமா என்றேன். நீ புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்து, ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினாய். அக்கா நடக்கிற இடம். அவளுக்குக் கால் வலித்தது, அவள் பிரார்த்தனை எதுவும் செய்யவில்லை, அவளுக்குத் தூங்க வேண்டும் போல இருந்தது என்று இருந்தது.

"நம்ம வூட்ல குடுத்தவள சாமியாக்கிடுவாங்க. இதுல வலிச்சுதுன்னு எழுதியிருக்கு பாரு" என்றாய்.

"அவ தம்பிகிட்ட சொல்லலயே?"

"அவ சொல்லல. எழுதினவரு நம்மகிட்ட சொல்லிட்டாரு இல்ல. யாரோ ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்டி. எனக்கு நீ இருக்க."

அன்றைக்கு எனக்கு அது சமாதானமாகவே படவில்லை. இப்போது ஓரளவு விளங்குகிறது. சின்ன வயதில் இந்த மாதிரிக் கதையைக் கேட்டால் கிழவியைப் பார்த்துப் பயப்படுவோம். வயதான பிறகு கிழவி ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக்குள் போய்விட்ட தம்பிதான் பயமாக இருக்கிறான். அந்தப் பக்கங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது, அந்த விலை மறைக்கப்படுவதில்லை. நம்மைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் அதை மறைத்துக்கொண்டே இருக்கும்போது, யாரோ முகம் தெரியாத ஆள் ஒளிக்காமல் சொல்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நீ கண்டுபிடித்திருந்தாய். நடந்ததை மட்டும் நம்புகிற நான்தான் நடந்ததை மறைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

உன் தம்பிக்கு அடுத்த வருஷமே பெண் கிடைத்தது. சிகிச்சையைச் சொல்லித்தான் கேட்டார்கள். அம்மாவே கொடுத்திருக்கிறார்கள், அப்படிப்பட்ட குடும்பம் என்று பெண் வீட்டில் சம்மதித்தார்கள். வாங்கிக்கொண்டவனுக்குப் பெண் கிடைக்கும், கொடுத்தவளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்பதை நான் எந்த மனுவில் அடிப்பது? உன்னைப் பார்க்க வந்தவர்களில் ஒருவரிடம் தனியாகப் பேசவிட்டபோது நீ உண்மையைச் சொல்லிவிட்டாய். நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார், காபியை முழுவதும் குடித்துவிட்டுப் போனார், பிறகு போன் வரவில்லை. அதோடு பேச்சை விட்டார்கள். பொய் எதற்காகச் சொல்லப்பட்டதோ அந்தக் காரணம் போய்விட்டது. பொய் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

தம்பி மகளுக்குக் காது குத்தினார்களே, அந்த மண்டபத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. அவன் மைக்கைப் பிடித்து, "எங்கம்மா எனக்கு ரெண்டு தடவ உயிர் குடுத்தவங்க" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். உன் அம்மா பட்டுப் புடவையில் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு ஒன்று தெரிந்தது, அவன் நடிக்கவில்லை. சொல்லிச் சொல்லி அவனுக்கே அது நடந்ததாக ஆகிவிட்டிருந்தது. நீ பந்தியில் பாயச வாளியோடு என் இலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, உம் என்றாய். கதை கேட்கிற உம். நான் சிரித்துவிட்டேன். அப்படி என்னைச் சிரிக்க வைத்ததை இன்னும் மன்னிக்கவில்லை.

இந்தப் புயலுக்கு முந்தின வருஷ மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எத்தனையோ பேருக்கு வந்தது, எழுந்து நடமாடினார்கள். உனக்கு அது இருந்த ஒன்றையும் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு, ஒன்றுதானே இருக்கிறது, இன்னொன்று என்ன ஆனது என்று டாக்டர் வெளியே வந்து கேட்டார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். உன் தம்பி சுவரைப் பார்த்தான். அவன் மனைவி கையில் பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள்.

"அவளுக்குப் பொறவியிலேயே ஒண்ணுதாங்க" என்றார்கள் உன் அம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் பண்ணியிருந்தேன். நீ உள்ளே இருந்தாய், நினைவு இருந்ததா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு நீ அதிக நாள் இருக்கவில்லை. உன் அம்மாவைத் திட்டி ஒரு பக்கம் எழுதலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். ஆனால் நீ போனதிலிருந்து அவர்கள் கூடத்துக் கட்டிலில் படுப்பதில்லை. தரையில்தான் படுக்கிறார்கள். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி மனைவி என்னைத் தேடி வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உனக்கு உடம்பு துடைத்துவிட்டது அவள்தான்.

"பொறவியிலேயே இல்லாததுக்கு எதுக்குக்கா தையல் போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

நான் எழுந்து சமையற்கட்டுக்குப் போனேன், வந்தேன். சொல்லிவிட்டால் உனக்குச் செய்த சத்தியம் போகும். சொல்லாவிட்டால் நானும் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றவர்களில் ஒருத்தியாகவே இருந்துவிடுவேன். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், உன் நாத்தனார் எனக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறாள், அதைச் சொல்கிறேன், உம் கொட்டிக்கொண்டே கேள் என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் உம் கொட்டினாள். மணியடிப்பவரின் பிள்ளைகளைச் சொன்னேன். கல்லெறிந்ததைச் சொன்னேன். எடுத்து இன்னொருத்தருக்குத் தரத்தான் தெரியும் என்று கிழவி சொன்ன இடத்தில் அவளுடைய உம் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. தூசி வரைக்கும் சொல்லி முடித்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு போன் மணிக்கும் ஓடிப் போய் எடுத்தேன். உங்கள் வீட்டில் பெரிய சண்டை வெடிக்கும் என்று காத்திருந்தேன். வெடிக்கவில்லை. உன் வருஷத் திதி வந்தது, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம், அவள் எனக்கு இரண்டாம் முறை சாம்பார் ஊற்றினாள், ஒன்றும் நடக்கவில்லை. நான் உன்மேல் கோபப்பட்டேன். கதையால் ஒன்றும் நடக்காது என்று சொன்னேனா இல்லையா என்று சாப்பாட்டு இலைக்கு முன்னால் மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டேன்.

முந்தாநாள் உன் தம்பி வந்தது மோட்டார் பார்க்க. புயல் தண்ணீரில் எங்கள் வீட்டு மோட்டார் மூழ்கிப் போயிருந்தது. கழற்றி வைத்துவிட்டு, ஈரத் துணியில் கையைத் துடைத்துத் துடைத்து, போகாமல் நின்றான். கண் சிவந்திருந்தது. நான் கேட்கவில்லை.

கரண்ட் இல்லாததால் டிவி கிடையாது, மகளுக்குத் தன் மனைவி தினம் கதை சொல்கிறாள் என்றான். அவன் பக்கத்து அறையில் படுத்திருப்பானாம். கதவு திறந்தேதான் இருக்குமாம். போன வாரம் மணியடிப்பவர் கதை. அவள் மகளுக்குத்தான் சொன்னாள், குரலைக்கூட உயர்த்தவில்லை. அவன் முழுவதையும் கேட்டிருக்கிறான். எழுந்து போகலாம் என்று பார்த்தானாம், எழ முடியவில்லையாம். கதை முடிந்ததும் குழந்தை இறங்கி இவன் அறைக்கு ஓடி வந்திருக்கிறது.

"வந்து, அந்தத் தம்பிக்குத் தெரியுமாப்பான்னு கேட்டா, அக்கா" என்றான்.

"நீ என்ன சொன்ன?"

"தெரியும்னு சொன்னன்." துணியை மடித்தான், பிரித்தான். "தெரிஞ்சும் எப்பிடிப்பா தூங்கறான்னு கேட்டா."

அந்தக் குழந்தைக்கு உன் மூக்கு.

அதற்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. மனைவி விளக்கை எடுத்துக்கொண்டு போனாளாம். மறுநாள் காலை அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இனிமேல் யாரிடமும் அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன், அக்கா கொடுத்ததை மகளிடம் சொல்லப் போகிறேன் என்று இவன் சொல்லியிருக்கிறான். அம்மா, "எனக்கு அத சொல்ல வாய் வரலடா, நீயாவது சொல்லு" என்று அழுதார்களாம். மகளிடம் சொல்லிவிட்டான். கதையாக இல்லை, உன் பேரைச் சொல்லி. மனைவியிடம் சொல்லத் தேவை இருக்கவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு மோட்டாரைத் தூக்கி வண்டியில் கட்டினான். கிளம்புகிற நேரத்தில்தான் மெதுவாகச் சொன்னான்.

"அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே வர்லக்கா."

உனக்குச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றினேனா, உடைத்தேனா என்று நான் இனிமேல் யோசிக்கப் போவதில்லை. அதை உன்னிடமே விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது வேறு. அவனுக்குத் தூக்கம் வரவில்லை என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை. நீ இருந்திருந்தால் பதறிப் போயிருப்பாய். ஐயோ, உடம்பு என்ன ஆவது, மாத்திரை போட்டானா என்று என்னைத் திட்டியிருப்பாய். அவனை உள்ளே கூப்பிட்டுப் பாய் விரித்துப் படுக்க வைத்து, தூங்கும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். நான் அவனை வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் நீ இல்லையடி.